யட்டவத்தை மைதானமும் ஜெபக்குறிப்பு நோட்டும்

கப்பலேறிக் கடலைக் கடந்து, ரயிலில் மாத்தளைக்கு வந்து இறங்கிய அன்று நான் முதலில் பார்த்தது ரப்பர் மரங்களைத்தான். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பா மரம் சீவுகிறவர். நான் ஒருவனாவது பால்மரத்தை விட்டுத் தப்பிப் போகிறேன் என்றுதான் வீட்டில் எல்லோரும் அழுது வழியனுப்பினார்கள். மாத்தளை ஸ்டேஷனிலிருந்து பயிற்சிப் பள்ளிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த மூன்று மைலும் இரண்டு பக்கமும் அதே மரங்கள், அதே சிரட்டைகள், அதே புளித்த வாடை. நடுநடுவே நின்ற கொக்கோ மரங்கள் மட்டும் எனக்குப் புதிது.

மலாயா சுதந்திரம் பெற்று மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. எங்கள் தோட்டத்துச் சபைக்கு வந்துபோன போதகர் இலங்கைக்காரர். ஏழாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னிடம் குரல் நன்றாக இருப்பதாகவும், வாசிப்பு தடங்கலில்லாமல் வருவதாகவும் அவர் கண்டுபிடித்தார். மாத்தளையில் உபதேசியார்களையும் மிஷன் பள்ளி வாத்தியார்களையும் உருவாக்குகிற ஒரு பயிற்சிப் பள்ளி இருக்கிறது, இரண்டு வருஷப் படிப்பு, சாப்பாடும் தங்கலும் இலவசம் என்று கடிதம் எழுதி இடம் வாங்கிக் கொடுத்தார். போகிற கப்பல் கட்டணத்தைச் சபை கொடுத்தது. திரும்பி வருகிற கப்பலுக்குப் படிப்பை முடித்தவர்களுக்கு மட்டும் பள்ளி கொடுக்கும்.

விசா ஒரு வருஷத்துக்குத்தான். அதை நீட்டிக்க வேண்டுமானால், இவர் ஒழுங்காகப் படிக்கிறார், நன்னடத்தை உடையவர் என்று அதிபர் கையெழுத்திட்ட கடிதம் கொழும்புக்குப் போக வேண்டும். அது போகாவிட்டால் படிப்பும் இல்லை, திரும்பக் கப்பலும் இல்லை. வந்த முதல் வாரமே அலுவலகத்தில் இதை எனக்கு விளக்கிச் சொன்னார்கள். அந்த வருஷம் முழுவதும் நான் என்ன செய்தாலும், எங்கே போனாலும், அந்தக் கடிதம் கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

அதிபர் யாழ்ப்பாணத்து மனிதர். நெட்டையானவர், எப்போதும் வெள்ளைக் கால்சட்டை. முதல் நாள் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உம்மட அப்பா மலாயாவில எந்த டிப்பார்ட்மெண்ட்?" என்று கேட்டார். அவருடைய ஊரில் மலாயா என்றால் ரயில்வேயில் வேலை பார்த்துப் பென்ஷனோடு திரும்புகிறவர்கள்தான். மரம் சீவுகிறார் என்று சொன்னேன். பாஸ்போர்ட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு என் அப்பாவைப் பற்றி அவர் எதுவும் கேட்டதில்லை.

முப்பது பேர் இருந்த விடுதி. பழைய கொக்கோ பதப்படுத்தும் கொட்டகையை மறித்து அறைகளாக்கியிருந்தார்கள். மழைக்காலத்தில் சுவரிலிருந்து புளித்த கொக்கோ வாசனை கசிந்து வரும். ஐந்து மணிக்கு மணியடிக்கும். தியானம், குளிப்பு, சோறு, பாடம். வாரத்தில் நான்கு நாள் பலாக்காய்க் கறி. காலையில் எதிரே வருகிறவர்களிடம் எங்கள் ஊர் வழக்கப்படி, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதுதான் பொருள். அவர்களுக்கு அது ஏதோ பிச்சைக்காரனை விசாரிப்பது மாதிரி கேட்டது. ஒரு மாதம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு என் பெயரே மலாயா ஆகிவிட்டது.

என் அறைத் தோழன் எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். என்னைவிட ஒரு வயது சின்னவன். கறுத்து மெலிந்த உடம்பு, கால் மட்டும் கட்டை மாதிரி. தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்த பிறகு, ஒரு மிஷன் வாத்தியார் பிடித்து இங்கே அனுப்பியிருந்தார். அவன் இங்கே சேர்ந்த மாதமே தோட்டத்தில் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டிலிருந்து அவன் பெயரை வெட்டிவிட்டார்கள். பெயர் இல்லையென்றால் தோட்டத்தில் வேலை இல்லை. ஆகவே அவனுக்கும் இந்தப் படிப்பு முடிந்தாக வேண்டும்.

நான் என் பாஸ்போர்ட்டை வாரம் ஒருமுறை எடுத்துத் தேதி பார்ப்பேன். அவன் கட்டிலில் படுத்துக்கொண்டே சிரிப்பான்.

"எத்தன தரம் பாத்தாலும் தேதி கூடுமா?"

"உனக்கென்ன, நீ இந்த ஊர்க்காரன்."

"நான் இந்த ஊர்க்காரன்னு ஒனக்கு யாரு சொன்னா? எங்க அப்பா பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டாரு. இல்லன்னு வந்துருச்சி. இந்தியாவுக்கும் நாங்க யாருனு தெரியாது. ஒனக்காவது திருப்பி அனுப்ப ஒரு ஊரு இருக்கு. என்னைய புடிச்சா எங்க அனுப்புறதுனு அவுங்கதான் முழிக்கணும்."

இதை அவன் துக்கமாகச் சொல்லவில்லை. பல்லைத் துலக்கிக்கொண்டே சொன்னான்.

என் தகரப் பெட்டியின் மூடிக்குள்ளே எங்கள் மாநிலக் காற்பந்துக் குழுவின் படங்களை ஒட்டி வைத்திருந்தேன். இலங்கையில் அதை உதைபந்து என்கிறார்கள். நான் ஆடுகிறவன் இல்லை. பள்ளிக்கூடத்தில்கூட என்னைக் கோட்டுக்கு வெளியேதான் நிறுத்துவார்கள். ஆனால் எங்கள் குழுவின் பதினொரு பேரும் எந்தக் காலால் உதைப்பார்கள், யாருக்கு முழங்கால் கோளாறு, யார் மழையில் சறுக்குவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அண்ணன் மாதத்துக்கு ஒருமுறை செய்தித்தாளில் வெட்டி அனுப்புவான். கப்பல் தபால். வந்து சேர நான்கு வாரம், சில சமயம் ஆறு. அதுவரை ஆட்டம் நடந்ததோ முடிந்ததோ தெரியாது.

முதல் வருஷம் கோப்பை இறுதியாட்டத்துக்கு எங்கள் குழு போயிருந்தது. தேதியை நானே கணக்குப் போட்டு, அந்தச் சனிக்கிழமை முழுவதும் தனியாக உபவாசம் இருந்து ஜெபித்தேன். நான்கு வாரம் கழித்து வெட்டுத் துண்டு வந்தது. மழைக்குப் பயந்து ஆட்டத்தை முன்னுக்கு மாற்றியிருக்கிறார்கள். நான் பட்டினி கிடந்த அன்றைக்கு, எங்கள் குழு தோற்று மூன்று நாள் ஆகியிருந்தது. அறைத் தோழன் அதைக் கேட்டுக் கட்டிலிலிருந்து விழுந்து சிரித்தான். "நடந்து முடிஞ்சத மாத்தணும்னா அது பெரிய ஜெபம்டா மலாயா. ஒரு நாளு உபவாசம் பத்தாது" என்றான்.

ஜெபம் எங்களுக்கு வேலை மாதிரி. சனிக்கிழமை மாலையில் மாணவர் ஐக்கியம் கூடும். எல்லோரும் வட்டமாகப் பாயில் உட்காருவோம். பாட்டு முடிந்ததும், மூத்த மாணவரான ஐக்கியச் செயலாளர் மடியில் ஒரு நீலநிற நோட்டை விரிப்பார். ஒவ்வொருவரும் தன் ஜெபக்குறிப்பைச் சொல்ல வேண்டும். எதற்காக மற்றவர்கள் ஜெபிக்க வேண்டும் என்பதைப் பெயர் போட்டு அவர் எழுதிக்கொள்வார். பிறகு விளக்கைச் சற்றுத் தணித்துவிட்டு ஒவ்வொரு குறிப்புக்காகவும் ஜெபிப்போம். அந்த நோட்டு திங்கட்கிழமை காலையில் அதிபரின் மேசைக்குப் போகும். அவரும் தனியாக ஜெபிப்பதற்காக என்று சொல்வார்கள். ஜெபித்தும் இருப்பார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் திங்கட்கிழமை விஷயம் தெரிந்த பிறகு யாரும் உண்மைக் குறிப்புக் கொடுக்கமாட்டார்கள். வட்டத்தில் இருந்த முப்பது பேரின் அம்மாக்களுக்கும் மூட்டுவலி. பரீட்சைக்காக ஜெபியுங்கள், மழைக்காக ஜெபியுங்கள், கிணற்றுக்காக ஜெபியுங்கள். என் அறைத் தோழன் ஒருமுறை பலாக்காய்க்காக ஜெபிக்கச் சொன்னான். செயலாளர் அதையும் எழுதிக்கொண்டார், மரம் நன்றாகக் காய்ப்பதற்காக என்று.

வேறொருவனுக்காகக் குறிப்புக் கொடுக்கலாம். அதற்குத் தடையில்லை. ஆனால் யாரும் கொடுப்பதில்லை. ஏன் என்று யாரும் சொல்லித் தந்ததும் இல்லை.

ஞாயிறு ஓய்வுநாள். விளையாட்டு, வானொலி, கடை எல்லாம் விலக்கு. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு இரண்டிரண்டு பேராக ஊர்களுக்குப் போய்த் துண்டுப் பிரசுரம் கொடுக்க வேண்டும். எனக்கும் அறைத் தோழனுக்கும் யட்டவத்தை விழுந்தது. பின்பக்கம் பள்ளி முத்திரை குத்திய பிரசுரக்கட்டு, ஒரு குடை, போகவர பஸ்ஸுக்குச் சீட்டு. பிரசுரங்கள் தமிழில். யட்டவத்தைச் சந்தையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் சிங்களவர்கள். அவர்கள் மரியாதையாக வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் முஸ்லிம்கள். அவர்களும் மரியாதையாக வேண்டாம் என்பார்கள்.

மாத்தளைப் பட்டணத்தில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரியின் மகன் எனக்குப் பழக்கமாகியிருந்தான். ஆணி வாங்கப் போன இடத்தில், மேசைமேல் இருந்த ஆங்கில உதைபந்துப் பத்திரிகையைப் பார்த்து நின்றுவிட்டேன். அப்படிப் பிடித்த பழக்கம். பட்டணத்துக் குழுவுக்கு அவன்தான் தலைவன், கோல் காவலன் எல்லாம். நான் மலாயா என்றதும் எனக்குப் பிரமாதமாக ஆட வரும் என்று நம்பிவிட்டான். இல்லை, எனக்குப் பார்க்க மட்டும்தான் தெரியும் என்றேன். "பரவாயில்ல மச்சான், எங்கட டீம்ல ஆடத் தெரியாதவன் பத்துப் பேர் ஈக்கிறான். பாக்கத் தெரிஞ்சவன் ஒத்தனுமில்ல" என்றான். அன்றிலிருந்து சாமான் வாங்கப் பட்டணம் போகும்போதெல்லாம் அந்தக் கடையில் அரைமணி நேரம் நிற்பேன். அந்த நாட்டில் என்னை யாராவது எதிர்பார்த்துக்கொண்டிருந்த இடம் அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிறு நானும் அறைத் தோழனும் யட்டவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மைதானத்தில் அந்தக் குழு நின்றது. உள்ளூர்க் குழுவோடு ஆட்டம். லொறி பழுதாகி இரண்டு பேர் வந்து சேரவில்லை. இரும்புக்கடைக்காரன் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்தான்.

"மச்சான், இன்டைக்கு நீங்க எறங்கித்தான் ஆகணும். சும்மா நிண்டாப் போதும்."

நான் நின்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அறைத் தோழன் பக்கம் கையைக் காட்டினேன். "இவன் ஆடுவான்" என்றேன். அவன் ஆடி நான் பார்த்ததே இல்லை. காலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"ஞாயித்துக்கெழமைடா" என்றான் அவன் என்னிடம் மெதுவாக.

"யாருக்குத் தெரியப்போகுது? அரைமணி நேரம் ஆடு. அதற்குள்ளே நான் பிரசுரத்தைக் கொடுத்து முடிக்கிறேன்."

அவன் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். அவன் ஆடியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வெறுங்காலில், இடது ஓரமாகத் தேயிலை மலையில் இறங்குகிற மாதிரி உடம்பைச் சாய்த்துக்கொண்டு ஓடினான். பந்து அவன் காலோடு ஓடியது. எங்கள் மாநிலக் குழுவின் இடது ஓரக்காரரை நான் இரண்டுமுறைதான் நேரில் பார்த்திருக்கிறேன். அவரிடமும் அந்தச் சாய்வு இல்லை. பிரசுரம் கொடுக்க நான் போகவே இல்லை. கோட்டோரமாக ஓடிக்கொண்டே கத்தினேன்.

கிழமை நாட்களில் மாத்தளை பஸ் ஸ்டாண்டில் கச்சான் விற்கிற சிங்களப் பெண் ஒருத்தி மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நிலக்கடலையை அங்கே கச்சான் என்பார்கள். சுருட்டிக் கொடுக்க அவளிடம் பேப்பர் தீர்ந்துவிட்டது. என் கையிலிருந்த கட்டைக் காட்டிக் கேட்டாள். நான் யோசிக்கவில்லை. கொடுத்தேன். அன்று யட்டவத்தையில் எங்கள் பிரசுரம் போய்ச் சேர்ந்த அளவு கைகளுக்கு அதற்கு முன்னால் எந்த ஞாயிறும் போனதில்லை.

அதன் பிறகு ஐந்தாறு ஞாயிறு அப்படியே நடந்தது. குழு எங்கே போனாலும் யட்டவத்தையிலிருந்து லொறி எங்களை ஏற்றிக்கொள்ளும். ஒருமுறை நாலந்தா வரைக்கும் போனோம். அவன் ஆடுவான், நான் சட்டையை வைத்துக்கொண்டு கத்துவேன். பிரசுரம் கச்சான்காரிக்குப் போகும், அல்லது லொறியில் கிடக்கும். திரும்பி வருகிற வழியில் அவன் மட்டும் பேசாமல் வருவான்.

"என்னடா?"

"ஒன்னுமில்ல. நல்லாத்தான் இருக்கு. அதான்."

"அதான் என்ன?"

"நல்லா இருக்கது நமக்கு நெலைக்காதுனுதான்."

ஒரு வெள்ளிக்கிழமை காலைத் தியானத்தில் அதிபர் சட்டைப்பையிலிருந்து ஒரு கசங்கிய காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்து நீவினார். எண்ணெய்க்கறை படிந்திருந்தது.

"மாத்தளை பஸ் ஸ்டாண்டில என்ர மகளுக்குக் கச்சான் வாங்கினனான். பிள்ளை திண்டு முடிச்சுப்போட்டு, 'அப்பா இதில வசனம் கிடக்கு' எண்டு தாறாள். பின்னால எங்கட முத்திரை." அவர் குரலை உயர்த்தவில்லை. "இதை ஆர் குடுத்ததெண்டு நான் இப்பக் கேக்கமாட்டன். நாளைக்கு ஐக்கியம் கிடக்கு. ஆண்டவர் பேசட்டும்."

அன்று மத்தியானம் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். விசா முடிய மூன்று வாரம்தான் இருந்தது. மேசையில் டைப் அடித்த கடிதம் கிடந்தது. என் பெயரைத் தலைகீழாக வாசித்தேன்.

"உம்மட கடிதம் ரெடி. கையெழுத்துத்தான் மிச்சம். இந்தக் கச்சான் விஷயம் முடியட்டும், வைக்கிறன்."

அவர் என்னைச் சந்தேகித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊர் ஊராகப் பிரித்துப் பிரசுரம் கொடுத்த பட்டியல் அவரிடம்தான் இருந்தது. ஆனால் எத்தனையோ ஊர்களுக்கு ஒரே முத்திரை. ஒருவேளை எல்லோரிடமும் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பார். நான் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். கடிதம் இல்லையென்றால் கப்பல் இல்லை. கப்பல் இல்லையென்றால் இந்தக் கொக்கோக் காட்டில் போலீஸ் பிடிக்கிற வரைக்கும் ஒளிந்து திரிய வேண்டும். அப்பா தோட்டத்தில் எல்லோரிடமும் என் மகன் வாத்தியாராகி வருகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அறைத் தோழனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவனே கேட்டான்.

"கடுதாசி எழுதிட்டாரா?"

"கையெழுத்துப் போடல."

"போட்டுருவாரு. நாளைக்கு நாம ரெண்டு பேரும் வாயத் தொறக்காம இருந்தாப் போதும். அவரு ஒரு வாரம் பாப்பாரு, அப்புறம் மறந்துருவாரு."

அவன் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கும். அதிபர் மறக்கக்கூடியவர்தான். ஆனால் ஒரு வாரம் காத்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை வட்டத்தில் அவன் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தான். செயலாளர் வலமிருந்து தொடங்கினார். அம்மாவின் மூட்டுவலி, பரீட்சை, இருமல். யாரும் கச்சான் பற்றிப் பேசவில்லை. அவன் முறை வந்தது.

"மலாயாவோட விசா கடுதாசிக்காக ஜெபிக்கணும்" என்றான். "சீக்கிரம் கெடைக்கணும்னு."

செயலாளர் எழுதினார். வட்டத்தில் சிலர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். வேறொருவனுக்காகக் கொடுக்கிற வழக்கம் அங்கே இல்லை என்று சொன்னேன். அன்று அவன் கொடுத்தான்.

"அடுத்து, மலாயாத் தம்பி. உங்களுக்கு ஜெபக்குறிப்பு?"

வாய்தவறி வந்துவிட்டது என்று பல வருஷம் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். வெள்ளிக்கிழமை ராத்திரியே வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் குறிப்பைக் கேட்ட பிறகு மாற்றியிருக்கலாம். அதற்கு நேரமும் இருந்தது.

"என் அறைத் தோழனுக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்றேன். "ஓய்வுநாளை அனுசரிப்பதில் சகோதரனுக்குப் போராட்டம் இருக்கிறது. யட்டவத்தையில் உலகத்துக்குரிய விளையாட்டுகள் அவரை இழுக்கின்றன."

செயலாளரின் பென்சில் ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. இரண்டு வரி வந்தது. அவர் அடுத்தவரிடம் போகவில்லை. நோட்டை மூடிவிட்டு, இந்தச் சகோதரனுக்காக இப்போதே ஜெபிப்போம் என்றார். எல்லோரும் எழுந்து வந்து அவனைச் சுற்றி நின்று தலையில் கை வைத்தார்கள். நானும் வைத்தேன். வைக்காமல் இருந்தால் கவனித்திருப்பார்கள். அவன் தலைமயிர் ஈரமாக இருந்தது, அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தான். அரைமணி நேரம் உருக்கமாக ஜெபித்தார்கள். இரண்டு பேர் அழுதார்கள். பொய்யாக அழவில்லை. அந்த வருஷம் முழுவதிலும் அந்த வட்டத்தில் யாருக்காவது உண்மையாக நடந்த ஜெபம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் போகும்போது அவன் என் பக்கத்தில் நடந்தான்.

"போராட்டம்னு சொன்னியே. அந்த வார்த்தைய எங்கேர்ந்து புடிச்ச?"

நான் தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"நல்லா இருந்திச்சி. பிரசங்கி மாதிரி."

திங்கட்கிழமை அவனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கால்மணி நேரத்தில் வெளியே வந்தான். பிரசுரத்தைக் கச்சான்காரிக்குக் கொடுத்தது யார் என்று கேட்டிருக்கிறார். நான்தான் என்று சொல்லியிருக்கிறான். கூட வந்தவனுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். தெரியாது, அவனைச் சந்தையில் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன் என்று சொல்லியிருக்கிறான். ஒரு வருஷம் வீட்டில் இருந்து யோசித்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கும்படி அதிபர் சொன்னாராம். அப்படிப் போய் யாரும் திரும்பி வந்ததில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அவன் துணிகளை ஒரு சாக்கில் போட்டுக் கட்டினான். நான் கதவடியில் நின்றேன்.

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே" என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று அப்போது தோன்றவில்லை.

"ரெண்டு பேரும் போயி என்ன செய்ய? ஒனக்குக் கப்பல் வேணும். எனக்கு பஸ்ஸு போதும்."

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து போனான். மறுநாள் அதிபர் என் கடிதத்தில் கையெழுத்திட்டார். இரண்டு வாரத்தில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. இன்னொரு வருஷத்துக்கு ஊதாமையில் முத்திரை. அதைப் பார்த்துக்கொண்டு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டிலுக்கு வேறு ஆள் போடவில்லை.

பட்டணம் போனபோது இரும்புக்கடைக்காரன் கேட்டான். "உங்கட லெஃப்ட் எங்க மச்சான்? ரெண்டு ஞாயிறாக் காணல."

நடந்ததைச் சொன்னேன். யார் மாட்டிவிட்டது என்று கேட்டான். அதையும் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. அவன் தராசில் ஆணியை அள்ளிப் போட்டு நிறுத்துக்கொண்டிருந்தான். நிறுத்து முடித்துப் பொட்டலம் கட்டினான்.

"துஆ கேட்டுத்தான் ஆள அனுப்பின?" என்றான் கடைசியில். ஜெபத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "எங்கட ஆக்களுக்கு ஒத்தன்மேல கோவமெண்டா நேர வந்து ஏசுவாங்க. மிஞ்சிப்போனா அடிப்பாங்க. இது எனக்கு வெளங்குதில்ல மச்சான்."

அந்தக் கடைக்கு நான் பிறகு போகவில்லை. அவன் வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

இன்னும் பத்து மாதம் அங்கே இருந்தேன். சனிக்கிழமை என் முறை வரும்போது அம்மாவின் மூட்டுவலி என்பேன். என் அம்மாவுக்கு மூட்டுவலி இருந்ததில்லை. மற்றவர்கள் என்னோடு அன்பாகத்தான் பேசினார்கள், ஆனால் யாரும் என்னோடு ஜோடியாக ஊழியத்துக்கு வரச் சம்மதிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் இருந்தது. செயலாளர் மட்டும் வந்தார். பாடம் மண்டையில் ஏறவில்லை. அண்ணனிடமிருந்து வெட்டுத் துண்டுகள் வந்தன. பிரிக்காமல் பெட்டியில் போட்டேன். கடைசிப் பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது, ஒரு காலை தியான மணி அடித்தபிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கி நடந்துவிட்டேன். யாரும் துரத்தவில்லை. எதற்காக அந்தக் கடிதத்தை வாங்கினேனோ, அந்தக் கப்பலை அத்தோடு விட்டேன்.

அப்புறம் நாலந்தாவில் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்தேன். பல்லேகமவில் ஒருவர் வயலில் ஒரு போகம் அறுவடைக்கு நின்றேன். லொறியில் மூட்டை ஏற்றினேன். பசி, காய்ச்சல், கால்புண் எல்லாம் இருந்தது. அந்தப் பக்கத்தில் அவை எல்லோருக்கும் இருந்தன. விசா முடிந்த தேதி கடந்து போனது. யாரும் என்னிடம் காகிதம் கேட்கவில்லை. சிங்களம் பேசப் பழகிவிட்டேன், அது போதுமாக இருந்தது.

எல்கடுவைக்குப் போனது பல்லேகமவிலிருந்து திரும்பிய பிறகு. அவனைப் பார்த்து எதையாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. என்ன சொல்வது என்று வழி முழுவதும் யோசித்தேன். மழைத் தூறலில் லயத்தைக் கண்டுபிடித்தபோது சாயங்காலம். அவன் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் முந்தானையால் பலகையைத் துடைத்து உட்காரச் சொன்னாள்.

"நீங்கதானா மலாயாத் தம்பி? இவன் எல்லாஞ் சொல்லியிருக்கான். எல்லாரு முன்னுக்கும் எந்திரிச்சி இவனுக்காக ஜெபம் கேட்டீங்களாம்."

அவள் குத்திக்காட்டவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னாள். அவன் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறான். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அவன் அடுப்படிப் பக்கம் குந்தியிருந்தான். உடம்பு இன்னும் மெலிந்திருந்தது. காலில் மண்வெட்டி பட்ட காயத்துக்குத் துணி சுற்றியிருந்தான். பந்து ஆடுகிற கால் அது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"பேரு இன்னும் பதியலங்க" என்றாள் அம்மா. "கணக்கப்புள்ள இன்னைக்கு நாளைக்குங்கிறாரு. வெட்டுன பேர மறுபடி ஏத்த தொரை ஒத்துக்கிட மாட்டேங்குறாராம். கைக்காசுக்குக் காடு வெட்டப் போறான். அதுவும் வாரத்துல ரெண்டு நாளு. நீங்க படிச்ச புள்ள. வந்ததுக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க. பேரு பதியணும்னு கேளுங்க."

நான் அவனைப் பார்த்தேன்.

"பண்ணு" என்றான். "ஒனக்குத்தான் வருமே."

அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மண்டியிட்டாள். நானும் மண்டியிட்டேன். வாய் அடைத்துப்போகும், வார்த்தை வராது, அழுதுவிடுவேன், அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஜெபம் தங்குதடையில்லாமல் வந்தது. கிருபை, இரக்கம், திறந்த வாசல், எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. அம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஸ்தோத்திரம் சொன்னாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவன் அங்கே இல்லை. வெளியே, லயத்துக் கோடியில் இருந்த தண்ணீர்ப் பீலியடியில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். பீலியைத் தாண்டித்தான் பாதை. அவன் திரும்பவில்லை, நானும் நிற்கவில்லை. பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சந்தியில் மழைக்கு ஒதுங்கி அதுவரை நின்றுகொண்டிருந்தேன்.